த்வோர்ஷாக்குக்குப் பிறகு யாரைக் கேட்பது?

"மாமா, நியூ வேர்ல்ட் சிம்பொனி நாலு தடவை கேட்டாச்சு. செல்லோ கான்செர்ட்டோவும் ஆச்சு. செக் ஆளுங்கள்ல அடுத்து யாரு? ஒரே ஒரு பேர் சொல்லுங்க, பெரிய லிஸ்ட் வேணாம்."

கேட்டது அக்கா மகள். அவள் சொன்ன இரண்டுமே செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் எழுதியவை. கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவளுக்கு ஓய்வு. கையில் ஒரு போனும் சுமாரான இயர்போனும். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பான பெயரைச் சொல்லிவிட்டால், அந்த வாசலோடு அவள் திரும்பிப் போய்விடுவாளே என்று தோன்றியது. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். எனக்குப் பழக்கமான மூன்று பேரையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். த்வோர்ஷாக்கைக் கேட்டு முடித்தவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது என்பதால், அந்த யோசனையை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

மூன்று பேர் என்றால் லெயோஷ் யனாச்செக், யோசெஃப் சுக், பொஹுஸ்லாவ் மார்ட்டினூ. 1904 என்ற ஒரே வருஷத்தை எடுத்துக்கொண்டால் மூவரையும் இடம் வைத்துப் பார்த்துவிடலாம். அந்த வருஷம் ஜனவரி 21 அன்று, செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் பிர்னோ நகரத்தில் யனாச்செக்கின் ‘யெனூஃபா’ என்ற ஓப்பரா, அதாவது பாடியே நடிக்கிற நாடகம், முதன்முதலாக மேடை ஏறியது; அவருக்கு வயது 49, பிராக் நகரில் அவரைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. மே 1 அன்று பிராகில் த்வோர்ஷாக் இறந்தார். 30 வயது சுக் அவருடைய மாணவர், மருமகனும்கூட. அதே சமயம் பொலிச்கா என்ற சின்ன ஊரில், ஒரு தையல்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் மார்ட்டினூ.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், சுக். அதற்குக் காரணம் இருக்கிறது. த்வோர்ஷாக்கின் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த இசை அது. மெட்டு காதுக்கு உடனே பிடிபடும். பழகிய வீட்டில் பக்கத்து அறைக்குப் போவது மாதிரி இருக்கும். பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. இன்று என் பதில் யனாச்செக். அதிலும் எல்லோரும் முதலில் நீட்டுகிற ‘சின்ஃபொனியெட்டா’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசை இல்லை. அவருடைய சின்னஞ்சிறு பியானோ துண்டுகள். ஏன் என்று சொல்வதற்கு முன் மற்ற இருவருக்கும் உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். சுக்கை அவ்வளவு எளிதாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

சுக் பிறந்தது 1874-இல், நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில், க்ரெச்சோவிட்சே என்ற கிராமத்தில். 18 வயதில் எழுதிய ‘செரினேட்’ இன்றும் உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. தந்திக் கருவிகளுக்கு மட்டுமான அரை மணி நேர இசை; வெயில் சாய்ந்த மாலையில் முற்றத்தில் உட்கார்ந்திருப்பது போல இதமாக இருக்கும். 1898-இல் த்வோர்ஷாக்கின் மகள் ஓட்டிலியேவைக் கல்யாணம் செய்துகொண்டார். பிழைப்புக்கு செக் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவில் இரண்டாவது வயலின். 40 வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் வாசித்தார். ஊர் ஊராக ரயிலில் போய்க்கொண்டே எழுதிய மனிதர்.

1904-இல் மாமனார் போனதும், அவர் நினைவாக ஒரு சிம்பொனி எழுதத் தொடங்கினார். துக்கத்தில் ஆரம்பித்து, த்வோர்ஷாக்கின் வாழ்வைக் கொண்டாடி வெளிச்சத்தில் முடிவதாகத் திட்டம். மூன்று பகுதிகள் தயாராகிவிட்டன. அதற்குள், 1905 ஜூலை 5 அன்று, ஓட்டிலியே இறந்துபோனாள். வயது 27. நான்கு வயதுகூட நிரம்பாத மகன் கையில். சுக் தான் எழுதிக்கொண்டிருந்த கொண்டாட்ட முடிவைத் தூக்கி எறிந்தார். மனைவிக்காக ஒரு மெதுவான நாலாம் பகுதியும், அதன் பின் வேறொரு ஐந்தாம் பகுதியும் எழுதினார். மொத்தத்துக்கும் ‘அஸ்ராயேல்’ என்று பெயர் வைத்தார். உயிரை எடுத்துப் போகும் தூதர் அவர். தமிழ் முஸ்லிம்கள் இஸ்ராயீல் என்று சொல்வார்களே, அதே பெயர்தான். 1907 பிப்ரவரி 3 அன்று பிராக் தேசிய அரங்கில் முதலில் ஒலித்தது.

இந்தச் சிம்பொனியில் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிற இடம் இரண்டாம் பகுதி. ஒரே ஒரு சுரத்தை அதன் நெடுகிலும் பிடித்து வைத்திருக்கிறார். கருவிகள் மாறி மாறி அதை ஏந்துகின்றன. மற்றதெல்லாம் அதைச் சுற்றி நகர்கின்றன. அது மட்டும் அசைவதில்லை. சாவு விழுந்த வீட்டில் எல்லாரும் ஏதோ வேலையாக நடமாடிக்கொண்டிருக்க, கூடத்தில் ஏற்றி வைத்த விளக்கு மட்டும் அப்படியே நிற்குமே, அந்த நினைவு எனக்கு வரும். அந்தப் பகுதிக்குள் இறந்தவர்களுக்காக த்வோர்ஷாக் எழுதிய ‘ரெக்வியம்’ இசையிலிருந்து ஒரு சிறு மெட்டு வந்து போகும். மருமகன் மாமனாருக்கு அவருடைய வார்த்தையையே எடுத்து அஞ்சலி சொல்கிறார்.

அப்படியானால் ஏன் இதில் தொடங்கக் கூடாது? ஒரே காரணம், நேரம். ‘அஸ்ராயேல்’ ஒரு மணி நேரம். நடுவில் நிறுத்த முடியாது. நாலாம் பகுதியின் கனம் முதல் மூன்றைக் கடந்து வந்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஐந்தாம் பகுதி புயலாய் அடித்து ஓய்ந்து, கடைசியில் மெல்லிய ஸி மேஜரில் இளைப்பாறும்போது கிடைக்கிற ஆறுதலும் அப்படித்தான். 55 நிமிஷம் காத்திருந்த காதுக்கு மட்டுமே அது ஆறுதல். ராத்திரி பத்து மணிக்கு மேல் களைத்துப்போய் இயர்போன் மாட்டுகிற பெண்ணிடம் இதைக் கொடுத்தால் மூன்றாம் பகுதிக்குள் தூங்கிவிடுவாள். அது அவள் தப்பும் இல்லை, சுக்கின் தப்பும் இல்லை.

‘செரினேட்’டில் தொடங்கலாமே என்பார்கள். அதில் வேறு சிக்கல். அழகானதுதான், ஆனால் அதில் இருப்பது இன்னும் த்வோர்ஷாக்கின் குரல். கேட்டவர் ‘நல்லா இருக்கு, பழைய மாதிரியே இருக்கு’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். அடுத்து என்ன என்று கேட்டு வந்தவருக்கு அது பதில் இல்லை.

சுக்கிடம் அரை மணிக்குக் குறைவாக ஏதாவது வேண்டும் என்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்று, 1914-இல் எழுதிய ‘புனித வென்செஸ்லாஸ் பாடல் மீதான தியானம்’. ஏழு நிமிஷம். முதல் உலகப் போர் தொடங்கிய சமயம். செக் குவார்ட்டெட் ஒவ்வொரு கச்சேரியிலும், அப்போது செக் மண்ணை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் கீதத்தை வாசித்தாக வேண்டும் என்று கட்டாயம். சுக் தங்கள் நாட்டின் பழைய பாடலை வைத்து இதை எழுதினார். பேரரசரின் கீதம் முடிந்த கையோடு, தங்கள் மண்ணைக் காக்கச் சொல்லி வேண்டும் பாடல் ஒலிக்கும். இன்னொன்று, 1907-இல் தாயில்லாத மகனுக்காக எழுதிய ‘அம்மாவைப் பற்றி’ என்ற ஐந்து பியானோ துண்டுகள். நாலாவதன் பெயர் ‘அம்மாவின் இதயத்தைப் பற்றி’. ஒரு சுரம் விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஓட்டிலியேவுக்கு இதய நோய். அதைத் தெரிந்துகொண்டு ஒரு முறை கேட்டவர் மறுபடி வாசித்துக் காட்டும்படி யாரிடமும் சுலபமாகக் கேட்கமாட்டார்.

மார்ட்டினூவின் கதை முற்றிலும் வேறு. 1890-இல் பொலிச்காவின் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். அதோடு கோபுரக் காவலர். ஊரில் எங்காவது தீப்பிடித்தால் மேலேயிருந்து பார்த்து மணி அடிக்கிற வேலை. அந்த வீட்டுக்கு 193 படிகள். பையன் நோஞ்சான், அப்பா அவனை முதுகில் சுமந்துதான் ஏறுவார், இறங்குவார். வாழ்வின் முதல் 11 வருஷங்கள் உலகத்தை மேலேயிருந்தே பார்த்திருக்கிறான். மனிதர்கள் சின்னதாக, வயல்கள் கட்டம் கட்டமாக, சுற்றிலும் வெறும் வெளி. அவர் இசையில் தனி மனிதர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுவது அபூர்வம். பெரிய வெளியும், அதற்குள் ஓயாத சின்னச் சின்ன அசைவுகளும்தான் நிறைய. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பிராக் இசைப் பள்ளி 1910-இல் ‘திருத்த முடியாத அலட்சியம்’ என்று சொல்லி அவரை வெளியேற்றியது. சில வருஷம் செக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்துவிட்டு, 1923-இல் பாரிஸ் போனார். ஆல்பெர் ரூசெல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரிடம் கற்றார். கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையை வைத்து ‘ஹாஃப் டைம்’ எழுதினார். 1927-இல் ‘சமையலறை ரெவ்யூ’: பானைக்கும் மூடிக்கும் கல்யாணம், மத்து வந்து குடும்பத்தைக் கலைக்கிறது, துடைப்பம் நியாயம் கேட்கிறது. ஆறே கருவிகள், நடுவில் ஒரு டாங்கோ, ஒரு சார்ல்ஸ்டன், கால் மணி நேரம். முதல் கேட்பிலேயே கால் தாளம் போடும்.

கேட்க எளிதானவர் யார் என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் மார்ட்டினூதான் ஜெயிப்பார். தாளம் துள்ளும், ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால் அவர் எழுதியது ஏறத்தாழ 400 படைப்புகள். எதை எடுப்பது? தெரியாமல் கையை விட்டால் நடுத்தரமான ஒன்று கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு. ‘மெஷின் மாதிரி ஓடுது’ என்று கழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவரை வரிசையில் மூன்றாவதாக வைக்க இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம், அவருடைய ஆழமான படைப்புகள் எல்லாம் பிற்காலத்தவை. 1938-இலிருந்து அவர் ஊருக்குத் திரும்பவே முடியாமல் போன கதை தெரிந்தால்தான் அவை திறக்கின்றன.

அந்தக் கதையின் தொடக்கம் ‘டபுள் கான்செர்ட்டோ’. இரண்டு தந்தி ஆர்கெஸ்ட்ராக்கள், ஒரு பியானோ, டிம்பனி முரசுகள். 1938 இலையுதிர்காலத்தில், ம்யூனிக் ஒப்பந்தத்தில் செக்கோஸ்லோவாக்கியாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், ஸ்விட்சர்லாந்தில் உட்கார்ந்து எழுதி முடித்தார். இருபது நிமிஷத்துக்குச் சற்றே கூடுதல். துள்ளுகிற அதே தாளம்தான், ஆனால் இங்கே அது ஓடி ஒளிகிறவனின் மூச்சு. 1940 ஜூனில் பாரிஸை விட்டு ஓடினார், 1941-இல் அமெரிக்கா. அங்கே பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கூசெவிட்ஸ்கி கேட்டதால் முதல் சிம்பொனி எழுதியபோது வயது 51. பிறகு வருஷத்துக்கு ஒன்றாக 1946-க்குள் ஐந்து. 1942 ஜூனில் நாஜிகள் லிதிட்சே கிராமத்தை எரித்து, 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷம் மார்ட்டினூ ‘லிதிட்சே நினைவு’ எழுதினார். எட்டே நிமிஷம். கத்தலோ கூப்பாடோ கிடையாது. கடைசிக்கு நெருங்கும்போது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் அந்த நாலு தட்டு கொம்புகளில் வந்து போகும். 1959-இல் ஸ்விட்சர்லாந்திலேயே இறந்தார். 1979-இல்தான் அவர் உடல் பொலிச்காவுக்கு வந்து சேர்ந்தது.

இனி யனாச்செக்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்க வேண்டும். ‘த்வோர்ஷாக்குக்குப் பிறகு’ என்று நான் தலைப்பில் போட்டிருந்தாலும், யனாச்செக் அவருக்கு அடுத்த தலைமுறை இல்லை. இவர் 1854, அவர் 1841. பதிமூன்றே வருஷ இடைவெளி. 1877 கோடையில் இருவரும் பொஹீமியாவில் சேர்ந்து கால்நடையாகச் சுற்றிய நண்பர்கள். ஆனால் யனாச்செக்கின் உயர்ந்த படைப்புகள் பெரும்பாலும் அவருக்கு 60 வயதுக்கு மேல் வந்தவை. அதனால்தான் வயதில் மூத்தவர் மூவரிலும் புதியவராகக் கேட்கிறார்.

அவரிடம் இருந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. சந்தையில் பேரம் பேசுகிற பெண், ரயில் நிலையத்தில் அறிவிக்கிறவர், தெருவில் சண்டை போடும் பிள்ளைகள் என்று யார் பேசினாலும் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஐந்து கோடு போட்டு சுரமாக எழுதிக்கொள்வார். கோழி கத்துவதையும் கொசு ரீங்கரிப்பதையும்கூட எழுதியிருக்கிறார். ‘பேச்சு மெட்டு’ என்று அதற்குப் பெயர்.

என்ன செய்கிறார் என்று விளங்க வேண்டுமானால் ‘வா’ என்ற ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலை போட்டுவிட்டு அம்மா கூப்பிடும் ‘வா’ ஒரு சுரத்தில் நீளும். பள்ளிக்கூட வாசலில் தம்பியை இழுத்துப் போகிற அக்காவின் ‘வா’ மேலே ஏறி வெட்டென்று நிற்கும். பல வருஷம் கழித்து வாசலில் நிற்கிறவனைப் பார்த்து அப்பா சொல்லும் ‘வா’ கீழே இறங்கும், பாதி காற்றாகப் போகும். எழுத்து ஒன்றுதான்; ஆளையும் நிலைமையையும் அந்த மெட்டு சொல்லிவிடுகிறது. அந்த மூன்று ‘வா’வையும் சுரமாக எழுதி, அதிலிருந்து ஒரு ஓப்பராவைக் கட்டினால் எப்படியிருக்குமோ, அதுதான் ‘யெனூஃபா’. கப்ரியேலா ப்ரைசோவாவின் நாடகத்தை அவர் செய்யுளாக்கவில்லை. உரைநடையாகவே பாட வைத்தார். ஒரு மொராவியக் கிராமத்து ஆலை வீடு. கல்யாணமாகாமல் தாயான பெண். ஊர்ப் பழிக்கு அஞ்சி, குழந்தையைப் பனி உறைந்த ஆற்றுக்குக் கொண்டு போகிற வளர்ப்புத் தாய். அவளைக் கொடுமைக்காரி என்று நம்மால் தள்ளிவிட முடியாதபடி அவளுக்கு இசை கொடுத்திருக்கிறார்.

அந்த ஓப்பரா எழுதி முடிகிற நேரத்தில் மகள் ஓல்கா சாகக் கிடந்தாள். 1903 பிப்ரவரி 26 அன்று போய்விட்டாள், இருபதே வயது. அவள் கடைசி நாட்களில் பேசியதையும் யனாச்செக் குறிப்பேட்டில் சுரமாக எழுதி வைத்தார். இதைக் கல்நெஞ்சம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. போட்டோ எடுக்கத் தெரிந்தவன் போட்டோ எடுப்பான். இவருக்குத் தெரிந்தது இது. ‘யெனூஃபா’வை அவள் நினைவுக்கே சமர்ப்பித்தார்.

பிறகு காத்திருப்பு. பிராக் தேசிய அரங்கில் அதிகாரம் கரெல் கோவர்ஷோவிட்ஸ் கையில். அவருடைய ஓப்பரா ஒன்றை 1887-இல் யனாச்செக் கிழித்துத் தொங்கவிட்டு விமர்சனம் எழுதியிருந்தார். பிர்னோவில் அரங்கேறி 12 வருஷம் கழித்து, 1916 மே 26 அன்றுதான் ‘யெனூஃபா’ பிராகில் ஏறியது. அதுவும் கோவர்ஷோவிட்ஸ் கைவைத்துத் திருத்திய வடிவில். யனாச்செக்குக்கு 62 ஆகப் போகிறது. அதன் பிறகு அணை உடைந்தது போல வந்தது எல்லாம். ‘கட்யா கபனோவா’ 1921, ‘குள்ளநரிக் குட்டி’ 1924, ‘மக்ரோபுலோஸ் விவகாரம்’ 1926, அதே வருஷம் சின்ஃபொனியெட்டா, 1927-இல் பிர்னோவில் ‘க்ளகோலிட்டிக் மாஸ்’ என்ற வழிபாட்டு இசை, 1928-இல் ‘அந்தரங்கக் கடிதங்கள்’ என்ற இரண்டாவது குவார்ட்டெட், அதாவது நாலு தந்திக் கருவிகளுக்கான இசை. அந்த ஆகஸ்டிலேயே காலமானார்.

இவ்வளவு இருக்க எதில் நுழைவது? சின்ஃபொனியெட்டாவில் என்பார்கள். பிர்னோ நகரத்தைப் பற்றிய ஐந்து பகுதிகள், 25 நிமிஷத்துக்குள்; முதல் பகுதியில் 9 ட்ரம்பெட்டுகள் வரிசை கட்டி முழங்கும். நேரில் கேட்டால் நாற்காலி அதிரும். சிக்கல் என்னவென்றால், போனிலும் இயர்போனிலும் அந்த முழக்கம் சுருங்கி, கூச்சலாகிவிடுகிறது. அதோடு, யனாச்செக்கை ஊர்வலக்காரர் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓப்பராவில் நுழைவது இன்னும் உத்தமம். ஆனால் படமாக, வசனம் ஓட, ஒன்றரை மணிக்கு மேல் உட்கார வேண்டும். ஒலியை மட்டும் கேட்டு ‘யெனூஃபா’வுக்குள் போவதைச் செக் தெரியாத யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

பியானோவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1905 அக்டோபர் 1 அன்று பிர்னோவில் செக் மொழிப் பல்கலைக்கழகம் கேட்டு நடந்த ஊர்வலத்தில், ஃப்ரான்டிஷெக் பாவ்லிக் என்ற 20 வயதுத் தச்சுத் தொழிலாளி துப்பாக்கி ஈட்டிக்கு பலியானான். யனாச்செக் அவனுக்காக மூன்று பகுதிகளில் ஒரு பியானோ சொனாட்டா எழுதினார். 1906 ஜனவரியில் அரங்கேற்ற நாளன்று, தன் இசை போதாது என்று நினைத்து மூன்றாம் பகுதியை எரித்துவிட்டார். பிற்பாடு மற்ற இரண்டையும் பிராகில் வல்தாவா ஆற்றில் போட்டார். தாள்கள் மூழ்க மறுத்து வெள்ளை அன்னங்கள் போல மிதந்து போயின என்று அவரே பின்னால் எழுதினார். வாசித்த பியானோ கலைஞர் லுத்மிலா துச்கோவா ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அதை அவர் 1924-இல்தான் வெளியே சொன்னார். அதனால் நமக்குப் பதின்மூன்று நிமிஷ இசை மிச்சம். ஒரே ஒரு சின்ன மெட்டு, முறையிடுகிற குரல் மாதிரி, திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு தடவையும் வேறு பொருள் சொல்கிறது.

ஆனால் முதல் ராத்திரிக்கு அதுவும் இல்லை. ‘புல் மண்டிய பாதையில்’ என்ற தொகுப்பு. 1900-இலிருந்து 1911 வரை சேர்த்துச் சேர்த்து எழுதியது. முதல் வரிசையில் பெயர் வைத்த பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஐந்து நிமிஷம். ‘எங்கள் மாலைப்பொழுதுகள்’, ‘காற்றில் பறந்த இலை’, ‘தகைவிலான்கள் போலப் பேசிக்கொண்டார்கள்’, ‘குட் நைட்’ என்று போய், எட்டாவது, ஒன்பதாவது துண்டுகளில் தொண்டை அடைக்கிறது. ஓல்காவின் சாவு அதற்குள் இருக்கிறது. பத்தாவதன் பெயர், ‘ஆந்தை பறந்து போகவில்லை’. நோயாளி படுத்திருக்கிற வீட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்த ஆந்தை, விரட்டியும் போகாவிட்டால் அந்த உயிர் தங்காது என்பது மொராவிய நம்பிக்கை. சாக்குருவி கத்தினால் பாட்டிமார் பதறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. சிறகு படபடக்கிறது, இரண்டே சுரத்தில் ஒரு கூவல், அப்புறம் யாரோ தாழ்ந்த குரலில் வேண்டிக்கொள்வது போன்ற மெட்டு. மறுபடி கூவல். வேண்டுதல் இன்னும் கொஞ்சம் உரக்க. மறுபடி அதே கூவல்.

யனாச்செக்கிடம் மனசு ஒட்டாமல் போகிறவர்களும் உண்டு. நீளமாக விரியும் மெட்டுக்காகக் காத்திருப்பவருக்கு அவர் துண்டு துண்டாகக் கேட்பார். சொன்னதையே சொல்கிறார் என்று தோன்றும். அப்படிப்பட்டவர் சுக்கிடம் போவதே சரி. அதேபோல, சமீபத்தில் வீட்டில் ஒருவரை இழந்தவருக்கும் நான் யனாச்செக்கைச் சொல்வதில்லை. அவர் துக்கத்தைக் காட்டிவிட்டு விலகிவிடுகிறார், ஆற்றுவதில்லை. ‘அஸ்ராயேல்’ ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருக்கும். வேலை செய்துகொண்டே கேட்கிறவர், தாளத்தில் மனசு போகிறவர், ஜாஸ் பழகியவர் என்றால் மார்ட்டினூ. ‘சமையலறை ரெவ்யூ’, அடுத்து ‘டபுள் கான்செர்ட்டோ’, அதன் பின் 1945-இல் எழுதிய நாலாம் சிம்பொனி. இந்த வரிசையில் போனால் காட்டுக்குள் தொலைந்துவிட மாட்டீர்கள்.

வீட்டெஸ்லாவ் நோவாக்கை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். அவரும் த்வோர்ஷாக்கின் மாணவர். 1902-இல் எழுதிய ‘தாத்ரா மலைகளில்’ நல்ல இசை, மலையேறிய கால்கள் எழுதியது. ஆனால் இந்த மூவருக்கும் முன்னால் வைக்கிற அளவுக்கு என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. முழுச் சுர இடைவெளியை நாலாகப் பிரித்த கால் சுரங்களில் ஓப்பரா எழுதிய அலாய்ஸ் ஹாபாவை முதலாவதாகச் சொல்வது யாருக்கும் உதவாது.

பாவெல் ஹாஸ், எர்வின் ஷுல்ஹாஃப், வீட்டெஸ்லாவா காப்ராலோவா பற்றித்தான் எனக்கு உறுத்தல். ஹாஸ் யனாச்செக்கின் மாணவர். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஷுல்ஹாஃப் 1942-இல் வூல்ஸ்பூர்க் முகாமில் இறந்தார். பிர்னோவில் பிறந்த காப்ராலோவா 22 வயதில் தன் ‘ராணுவ சின்ஃபொனியெட்டா’வை செக் ஃபில்ஹார்மோனிக்கின் முன் நின்று தானே நடத்தியவர்; 1938-இல் லண்டனில் பிபிசி ஆர்கெஸ்ட்ராவையும் நடத்தினார். 25 வயதில் போய்விட்டார். இவர்களை எப்படி இறந்தார்கள் என்பதற்காகவே கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். ஹாஸின் இரண்டாவது குவார்ட்டெட் 1925-இல் எழுதியது, ‘குரங்கு மலைகளிலிருந்து’ என்று பெயர். ஒரு கோடை விடுமுறையின் குதூகலம், கடைசிப் பகுதியில் ஜாஸ் டிரம்கூட வருகிறது. யனாச்செக்கின் குவார்ட்டெட் பழகியவருக்கு அடுத்த படி இதுதான். அதற்கு முன்னால் கேட்டால் குருவின் சாயல் எது, சீடனின் குறும்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

யார் வாசித்த பதிவு என்பதும் முக்கியம். ‘புல் மண்டிய பாதையில்’ என்றால் ருடால்ஃப் ஃபிர்குஷ்னி. சிறு வயதில் யனாச்செக்கிடமே கற்றவர், அவசரமே படமாட்டார். ‘அஸ்ராயேல்’ வாக்லாவ் தாலிக் 1952-இல் நடத்தியது. ஒலி பழசுதான், ஆனால் சுக்கை நெருங்கி அறிந்தவரின் கை. ஒலி தெளிவாக வேண்டும் என்றால் யிர்ஷி பெலோஹ்லாவெக். ஓப்பராக்களுக்கு சார்ல்ஸ் மெக்கரஸ். பிராகில் படித்துத் திரும்பி, 1951-இல் லண்டனில் ‘கட்யா கபனோவா’வை முதலில் மேடையேற்றியவர். சின்ஃபொனியெட்டாவும் மார்ட்டினூவும் கரெல் ஆன்ச்செர்ல் கையில்.

அக்கா மகளுக்கு ‘யனாச்செக், புல் மண்டிய பாதையில், ராத்திரிக்கு ஒரு துண்டு போதும்’ என்று மட்டும் அனுப்பினேன். பெயர்களுக்கு அர்த்தம் சொல்லவில்லை, ஓல்காவைப் பற்றியும் சொல்லவில்லை. பத்தாம் நாள் ராத்திரி போன் வந்தது. "மாமா, கடைசித் துண்டுல ஏதோ ஒண்ணு ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு போகவே மாட்டேங்குதே, அது என்ன?"

இப்போது ‘அந்தரங்கக் கடிதங்கள்’ கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுக் எப்போ மாமா என்று கேட்டாள். செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை அணைத்து வைத்துவிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம் என்று சொல்லியிருக்கிறேன்.